ஒரே கட்டி, மூன்று ஸ்டேஜ்: கருப்பை உட்படலப் புற்றுநோயின் நிலை எப்படிக் கணிக்கப்படுகிறது?

கருப்பையை எடுத்தாகிவிட்டது. சில நாள் கழித்துத் திசுப் பரிசோதனை அறிக்கை வருகிறது. ஒரு வரியில் 'ஃபிகோ 2009: நிலை 1பி' என்றிருக்கிறது. அடுத்த வரியில் 'ஃபிகோ 2023: நிலை 2சி'. மரபணுப் பரிசோதனை முடிவும் சேர்ந்து திருத்திய அறிக்கை வரும்போது அதில் 'நிலை 1ஏ' என்று இருக்கவும் கூடும். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, மறுபடியும் ஒன்று. கட்டியோ ஃபார்மலினில் கிடக்கிறது. அது வளரவும் இல்லை, சுருங்கவும் இல்லை. மாறியது அளவுகோல்.

ஃபிகோ என்பது சர்வதேச மகப்பேறு, மகளிர் நோயியல் கூட்டமைப்பின் சுருக்கப் பெயர். பெண்களின் இனப்பெருக்க உறுப்புகளில் வரும் புற்றுநோய்களுக்கு உலகம் முழுவதும் பயன்படும் நிலை வரையறைகளை வகுப்பது அந்த அமைப்புதான். கருப்பை உட்படலப் புற்றுநோய்க்கு 2009 முதல் இருந்த பட்டியலை 2023இல் அது தலைகீழாக மாற்றியது. பழையதும் புதியதும் இன்று அருகருகே புழங்குவதால்தான் இத்தனை குழப்பம்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம்

கருப்பையைத் தலைகீழாகப் பிடித்த பேரிக்காய் என்று நினைத்துக்கொள்ளலாம். அகன்ற மேற்பகுதி கருப்பையின் உடல். கீழே குறுகி யோனிக்குள் நீட்டிக்கொண்டிருப்பது கருப்பை வாய். உடற்பகுதியின் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு.

1. உட்படலம், அதாவது எண்டோமெட்ரியம். மாதவிடாயின்போது உதிர்வது இந்தப் படலம்தான். இந்தப் புற்றுநோய் பிறக்கும் இடமும் இதுவே.
2. தசைச்சுவர், அதாவது மயோமெட்ரியம். சுவரின் பருமன் பெரும்பாலும் இந்த அடுக்குதான்.
3. வெளியுறை. செரோசா என்று அறிக்கைகளில் வரும் மெல்லிய மேல்தோல்.

கருப்பைக்கு வெளியே இருபுறமும் கருக்குழாய்களும் சினைப்பைகளும், இடுப்பெலும்புக் கூட்டின் சுவரோரமாக நிணநீர்க் கணுக்களும், இன்னும் மேலே பெருந்தமனியை ஒட்டி மற்றொரு வரிசைக் கணுக்களும் இருக்கின்றன. நோய் நகரும் வழி பெரும்பாலும் இதே வரிசைதான்: படலத்திலிருந்து தசைக்கு, தசையிலிருந்து கருப்பை வாய்க்கோ வெளியுறைக்கோ, அங்கிருந்து கணுக்களுக்கு.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய் வேறு நோய். அது பெரும்பாலும் ஒரு வைரஸால் வருவது, உட்படலப் புற்றுநோய் அப்படியல்ல; நிலைப் பட்டியலும் முற்றிலும் வேறு. கருப்பைத் தசையிலிருந்தே பிறக்கும் சார்கோமாவுக்கும் தனிப் பட்டியல் உண்டு. அங்கே கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேலா கீழா என்பதே முதல் கேள்வி. உட்படலப் புற்றுநோயிலோ கட்டியின் அகலம் நிலையைத் தீர்மானிப்பதே இல்லை. 'கட்டி சின்னதுதான், அப்படியானால் முதல் ஸ்டேஜ்தான்' என்று சொல்வது இந்த நோய்க்குப் பொருந்தாத ஆறுதல்.

நிலை வேறு, கிரேடு வேறு

அறிக்கையில் அடிக்கடி ஒன்றுக்கொன்று மாற்றிப் படிக்கப்படும் இரண்டு எண்கள் இவை. நிலை என்பது நோய் எங்கே வரை போயிருக்கிறது என்பதற்கான முகவரி. கிரேடு என்பது அந்தச் செல்கள் எவ்வளவு ஒழுங்கு தவறியிருக்கின்றன என்பதற்கான நடத்தைச் சான்று.

உட்படலத்தின் இயல்பான செல்கள் குழல்போன்ற சுரப்பிகளாக அடுக்கி நிற்கும். எண்டோமெட்ரியாய்டு எனப்படும், அதிகம் காணப்படும் வகைப் புற்றுநோயில், இந்தச் சுரப்பி வடிவம் குலைந்து செல்கள் வெறும் திடக் குவியலாகக் கிடக்கும் பகுதி எவ்வளவு என்று பார்ப்பார்கள். 5 சதவீதம் வரை என்றால் கிரேடு 1. 6 முதல் 50 வரை கிரேடு 2. அதற்கு மேல் கிரேடு 3. முதல் இரண்டையும் சேர்த்துத் தாழ்ந்த கிரேடு என்பது இன்றைய வழக்கம்.

சீரஸ், தெளிசெல், கார்சினோசார்கோமா போன்ற வகைகளுக்கு இந்தச் சதவீதக் கணக்குக் கிடையாது. அவை எப்போதும் மூர்க்கமானவையாகவே கருதப்படுகின்றன. எண்டோமெட்ரியாய்டு கிரேடு 3-உம் இப்போது அந்தக் கூட்டத்தில்தான் சேர்க்கப்படுகிறது. இந்தச் சேர்க்கை முக்கியம். கட்டுரையின் பின்பகுதி முழுவதும் இதைச் சுற்றித்தான் நகரும்.

ஸ்கேன் சொல்வது உத்தேசம்

மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, அல்ட்ராசவுண்டில் தடித்த படலம், பயாப்சி என்ற வரிசையில் நோய் தெரிய வருகிறது. பயாப்சி வகையையும் கிரேடையும் சொல்லும். எம்.ஆர்.ஐ. தசைக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கலாம் என்று காட்டும். சி.டி. ஸ்கேன் தொலைவிடங்களைப் பார்க்கும். இவை எல்லாம் அறுவை சிகிச்சையைத் திட்டமிட உதவுபவை. அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் வாயால் சொல்லும் ஸ்டேஜ் ஒரு மதிப்பீடு மட்டுமே.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1971ஆம் ஆண்டின் முறையில், கருப்பைக்குள் ஓர் அளவுகம்பியைச் செலுத்தி உட்குழியின் நீளம் 8 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா, தாண்டுகிறதா என்று பார்த்து முதல் நிலையை இரண்டாகப் பிரித்தார்கள். நார்த்திசுக் கட்டி இருந்தாலும் கருப்பை நீளும் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த அளவின் பலவீனம் புரியும். மருத்துவமனையில் முதல் நிலை என்று முடிவு செய்யப்பட்ட பலரிடம், வயிற்றைத் திறந்து பார்த்தபோது நோய் வெளியே போயிருந்தது. 1988இல் ஃபிகோ அந்த முறையைக் கைவிட்டு, அறுவை சிகிச்சையும் நுண்ணோக்கியும் சேர்ந்துதான் நிலையைத் தீர்மானிக்க வேண்டும் என்று வைத்தது. அந்தக் கொள்கை இன்றுவரை மாறவில்லை.

வழக்கமான அறுவை சிகிச்சையில் கருப்பை, கருப்பை வாய், இரு கருக்குழாய்கள், இரு சினைப்பைகள் ஆகியவை அகற்றப்படுகின்றன. கணுக்களுக்கு முன்பெல்லாம் முழு வரிசையையும் எடுப்பார்கள்; சிலருக்குக் கால் வீக்கம் அதன் நிரந்தர விலை. இப்போது பல இடங்களில் காவல் கணு முறை வந்துவிட்டது. இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தைக் கருப்பை வாயில் ஊசியால் ஏற்றினால், அது நிணநீர் ஓடும் பாதையிலேயே ஓடி முதல் கணுவில் தேங்கும். அண்மை அகச்சிவப்பு ஒளியில் கேமரா வழியே பார்த்தால் அந்தக் கணு மட்டும் ஒளிரும். அதை எடுத்து மெல்லிய சீவல்களாக அறுத்து ஆராய்கிறார்கள். புற்றுநோய் கணுக்களுக்குப் போயிருந்தால் முதலில் போயிருக்கக்கூடிய இடம் அது. சீரஸ் போன்ற வகைகளில் குடலின் மேல் திரைபோல் தொங்கும் கொழுப்பு மடிப்பிலிருந்தும் ஒரு துண்டு எடுக்கப்படும்.

2009இன் கணக்கு: இடம் மட்டுமே

பழைய பட்டியல் ஒரு வரைபடம் போன்றது. கிரேடு எதுவானாலும், செல் வகை எதுவானாலும், எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

1. நிலை 1: கருப்பையின் உடலுக்குள். தசையின் பாதிக்குக் குறைவாக ஊடுருவியிருந்தால் 1ஏ. பாதியைத் தொட்டாலோ தாண்டினாலோ 1பி.
2. நிலை 2: கருப்பை வாயின் உட்திசுவுக்குள். வாயின் சுரப்பிகளில் மட்டும் இருந்தால் அது நிலை 2 ஆகாது.
3. நிலை 3: கருப்பைக்கு வெளியே, ஆனால் அண்டைப் பகுதியில். வெளியுறை, சினைப்பை, கருக்குழாய் 3ஏ. யோனி, பக்கவாட்டுத் திசு 3பி. இடுப்புக் கணுக்கள் 3சி1. பெருந்தமனியோரக் கணுக்கள் 3சி2.
4. நிலை 4: சிறுநீர்ப்பை அல்லது குடலின் உட்படலம் வரை போயிருந்தால் 4ஏ; நுரையீரல், கல்லீரல் போன்ற தொலைவிடங்கள் 4பி.

இதில் நடைமுறையில் அதிகம் விவாதிக்கப்படும் சொல் 'பாதி'. அதை எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

எடுத்த கருப்பையைத் திறந்து, ரொட்டியைத் துண்டு போடுவதுபோல் அடுக்கடுக்காக அறுப்பார்கள். கட்டி மிக ஆழமாக இறங்கிய துண்டு எது என்று தேடி, அந்த இடத்தில் உட்படலமும் தசையும் சந்திக்கும் கோட்டிலிருந்து கடைசிப் புற்றுநோய்ச் செல் வரை அளந்து, தசைச்சுவரின் முழுப் பருமனால் வகுப்பார்கள். சுவர் 14 மில்லிமீட்டர், ஊடுருவல் 6 என்றால் 1ஏ. ஊடுருவல் 7 என்றால் 1பி. ஒரே ஒரு மில்லிமீட்டர்!

அந்த மில்லிமீட்டரை அளக்கத் தொடங்கும் கோடே சில நேரம் வழுக்கும். இயல்பிலேயே உட்படலமும் தசையும் நேர்க்கோட்டில் சந்திப்பதில்லை, அலையலையாகப் பின்னிக்கிடக்கின்றன. அடினோமயோசிஸ் என்ற பாதிப்பு இருந்தால் இன்னும் சிக்கல். அதில் உட்படலத்தின் சிறு தீவுகள் புற்றுநோய் இல்லாமலேயே தசைக்குள் ஆழத்தில் குடியிருக்கும். புற்றுநோய் அந்தத் தீவுகளுக்குள் பரவியிருந்தால், கண்ணுக்கு ஆழத்தில் தெரிந்தாலும் அது தசை ஊடுருவலாகக் கணக்கில் வராது. தீவைச் சுற்றிய கோட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறதா என்பதே கேள்வி. இரண்டு அனுபவமுள்ள நோயியல் மருத்துவர்கள் ஒரே கண்ணாடித் துண்டைப் பார்த்து வேறு வேறு முடிவுக்கு வருவது இந்த இடத்தில் நடக்கக்கூடியதே. இரண்டாம் கருத்துக் கேட்பவர்கள் அறிக்கையை மட்டும் காட்டாமல் கண்ணாடித் துண்டுகளையும் மெழுகுக் கட்டிகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

2023: இடத்தோடு குணமும்

பழைய வரைபடத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. தசைக்குள் 3 மில்லிமீட்டர் நுழைந்த கிரேடு 1 எண்டோமெட்ரியாய்டும் அதே ஆழம் நுழைந்த சீரஸ் வகையும் இரண்டுமே 1ஏ. முன்னது பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு முடிந்துபோகும். பின்னது திரும்பி வரும் வாய்ப்பு மிக அதிகம். ஒரே எண்ணில் இருவரையும் அடைத்தால் அந்த எண்ணுக்குப் பொருள் ஏது?

2023ஆம் ஆண்டுப் பட்டியல் மூன்று புதிய கேள்விகளைச் சேர்த்தது.

1. செல் வகை மூர்க்கமானதா? மூர்க்கமான வகை உட்படலத்தை அல்லது அதில் முளைத்த பாலிப்பைத் தாண்டாமல் இருந்தால் 1சி. தசைக்குள் எள்ளளவு நுழைந்தாலும் 2சி. இங்கே பாதிக் கணக்கு கிடையாது.

2. நுண்குழாய்களுக்குள் நுழைந்திருக்கிறதா? நிணநீர், ரத்த நுண்குழாய்களுக்குள் புற்றுநோய்ச் செல்கள் தெரிவதை அறிக்கைகள் எல்.வி.எஸ்.ஐ. என்று குறிக்கும். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட குழாய்களில் தெரிந்தால் 'கணிசமானது'. மூர்க்கமற்ற வகையிலும் இது இருந்தால் நிலை 2பி. கருப்பை வாயைத் தொடாமலேயே நிலை 2 ஆகும் விந்தை இப்படித்தான் நேர்கிறது. கருப்பை வாய்த் திசுவுக்குள் போன மூர்க்கமற்ற வகை 2ஏ.

3. சினைப்பையில் இருப்பது உண்மையான பரவலா? தாழ்ந்த கிரேடு எண்டோமெட்ரியாய்டு கருப்பையிலும் ஒரு பக்கச் சினைப்பையிலும் மட்டும் இருந்து, தசை ஊடுருவல் பாதிக்குக் குறைவாகவும், கணிசமான நுண்குழாய் நுழைவு இல்லாமலும், சினைப்பை உறை கிழியாமலும் இருந்தால் அது இனி நிலை 3 இல்லை; 1ஏ3. பழைய கணக்கில் இவர்கள் 3ஏ என்று பெயர் வாங்கி, தேவையில்லாமல் கடும் சிகிச்சைக்கு ஆளாக வாய்ப்பிருந்தது. இந்த ஒரு திருத்தம் மட்டுமே புதிய பட்டியலை நியாயப்படுத்தப் போதும் என்று தோன்றுகிறது.

மற்றவை விரிவாக்கங்கள். மூர்க்கமற்ற வகை உட்படலத்தோடு நின்றால் 1ஏ1, பாதிக்குக் குறைவான தசை ஊடுருவல் 1ஏ2, பாதியும் மேலும் 1பி. இடுப்புக்குள் இருக்கும் உள்ளுறைச் சவ்வில் பரவல் 3பி2. இடுப்பைத் தாண்டி வயிற்றுச் சவ்வில் என்றால் 4பி. நுரையீரல், கல்லீரல், மூளை, எலும்பு ஆகியவை 4சி. கணுவில் இருக்கும் படிவு 2 மில்லிமீட்டருக்கு மேலா, 0.2க்கும் 2க்கும் இடையிலா என்றும் தனித்தனியே எழுத வேண்டும். 0.2க்கும் சிறிய தனித்த செல்கள் கணுப் பரவலாகக் கருதப்படுவதில்லை.

மரபணு போடும் திருத்தம்

2013இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் உட்படலப் புற்றுநோய்களை நுண்ணோக்கியின் கண்ணால் பார்க்காமல் மரபணுவைக் கொண்டு நான்கு குடும்பங்களாகப் பிரித்தது. மருத்துவமனைகளில் இன்று பயன்படும் எளிய வடிவம் இது:

1. 'போல்' (POLE) என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவை. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது எழுத்துப் பிழை திருத்தும் நொதி கெட்டுப்போனவை. கணக்கற்ற பிழைகள் சேர்வதால் உடலின் எதிர்ப்பாற்றல் இவற்றை எளிதில் அடையாளம் காண்கிறது என்பது பரவலான விளக்கம். நுண்ணோக்கியில் பயங்கரமாகத் தெரிந்தாலும் இவை அபூர்வமாகவே திரும்பி வருகின்றன.
2. எம்.எம்.ஆர். குறைபாடு உள்ளவை. இன்னொரு பழுதுபார்ப்பு அமைப்பு செயலிழந்தவை.
3. பி53 என்ற, செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் புரதம் பிறழ்ந்தவை. நால்வகையில் மோசமான போக்கு இவற்றுடையது.
4. தனி அடையாளம் ஏதும் இல்லாதவை.

இரண்டாவதையும் மூன்றாவதையும் திசுவுக்குச் சாயமேற்றும் பரிசோதனையாலேயே கண்டுபிடிக்கலாம். போல் மாற்றத்துக்கு மரபணு வரிசையையே படிக்க வேண்டும். எல்லா ஆய்வகங்களிலும் அந்த வசதி இல்லை.

முதல் இரண்டு நிலைகளில் மட்டும் இந்தப் பிரிவு எண்ணையே மாற்றும். போல் மாற்றம் இருந்தால், எந்தச் செல் வகையானாலும் எவ்வளவு ஆழமானாலும் நிலை 1ஏ. பி53 பிறழ்ந்து தசைக்குள் நுழைந்திருந்தால், கிரேடு என்னவானாலும் நிலை 2சி. எண்ணுக்குப் பக்கத்தில் மரபணுவைக் குறிக்கும் 'எம்' என்ற சிற்றெழுத்து இடப்படும். மூன்றாம், நான்காம் நிலைகளில் பிரிவைக் குறித்துவைப்பார்கள், எண் மாறாது. ஒரே கட்டியில் போல் மாற்றமும் பி53 பிறழ்வும் சேர்ந்து தெரிந்தால் போலுக்குத்தான் முன்னுரிமை.

இப்போது தொடக்கத்தில் பார்த்த அறிக்கைக்குத் திரும்பலாம். கிரேடு 3 எண்டோமெட்ரியாய்டு, 14 மில்லிமீட்டர் சுவரில் 9 மில்லிமீட்டர் ஊடுருவல், கணுக்கள் சுத்தம். 2009இல் பாதிக்கு மேல் என்பதால் 1பி. 2023இல் மூர்க்கமான வகை, தசைக்குள் நுழைந்தது என்பதால் 2சி. போல் மாற்றம் தெரிந்ததும் 1ஏ. மூன்றுமே சரியான விடைகள். கேட்கப்பட்ட கேள்விகள்தான் வேறு.

எதிர்க்குரல்களும் உண்டு

புதிய முறை வெளியானதுமே ஆட்சேபங்கள் எழுந்தன. ஸ்டேஜ் என்றால் பரவலின் அளவு என்று பல பத்தாண்டுகளாக எல்லாப் புற்றுநோய்களிலும் இருந்த பொருளை இது கலைத்துவிட்டது என்பது முதலாவது. மரபணுப் பரிசோதனைக்கு வழியுள்ள ஆய்வகத்தில் ஒரு எண்ணும் இல்லாத ஆய்வகத்தில் வேறு எண்ணும் வருவது எப்படி உலகப் பொது அளவாகும் என்பது இரண்டாவது. இது கனமான கேள்வி; பரிசோதனை இல்லாவிட்டாலும் மற்ற விவரங்களைக் கொண்டு நிலையைக் குறிக்கலாம் என்று ஃபிகோ இடம் விட்டிருப்பது இதற்கு அரைப் பதில்தான். இதனால் பல மருத்துவமனைகள் இரண்டு எண்களையும் எழுதுகின்றன. எரிச்சலூட்டினாலும் அதுவே நேர்மையான வழி.

சிகிச்சையில் என்ன மாறுகிறது?

எண்ணை மட்டும் பார்த்து யாரும் சிகிச்சை எழுதுவதில்லை. தாழ்ந்த கிரேடு, மேலோட்டமான ஊடுருவல், நுண்குழாய் நுழைவு இல்லை என்றால் பொதுவாக அறுவை சிகிச்சையே போதும். அதற்கு அடுத்த படியில் யோனியின் உட்புறம் மட்டும் கதிர்வீச்சு. அபாயம் கூடக்கூட இடுப்பு முழுவதற்குமான வெளிக்கதிர்வீச்சும் கீமோதெரபியும் சேரும். பி53 பிறழ்ந்தவர்களுக்குக் கீமோதெரபியால் கிடைக்கும் நன்மை தெளிவாகத் தெரிகிறது என்பதை, கதிர்வீச்சோடு கீமோதெரபியையும் சேர்த்தால் பயனுண்டா என்று பார்த்த போர்டெக்-3 ஆய்வின் திசுக்களை மரபணு வழியில் மறுபடி ஆராய்ந்தபோது கண்டார்கள்.

எம்.எம்.ஆர். குறைபாடு நிலையின் எண்ணை மாற்றாவிட்டாலும் இரண்டு வாசல்களைத் திறக்கிறது. முற்றிய நோயில் டோஸ்டார்லிமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற எதிர்ப்பாற்றல் மருந்துகள் இவர்களிடம் நன்றாக வேலை செய்கின்றன. இன்னொன்று குடும்பத்தைப் பற்றியது: சிலரிடம் இந்தக் குறைபாடு லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரைக் கோளாறால் வருவது. அப்படியானால் உடன்பிறந்தவர்களிலும் பிள்ளைகளிலும் அதே கோளாறு உள்ளவர்கள் பெருங்குடல் புற்றுநோய்க்காகவும் பரிசோதிக்கப்பட வேண்டும்.

கருப்பையைக் காப்பாற்ற விரும்பி, கிரேடு 1 நோய்க்கு ஹார்மோன் சிகிச்சை பெறும் இளம் பெண்களுக்கு முறையான அறுவை நிலையே கிடையாது. எம்.ஆர்.ஐ. சொல்லும் உத்தேசத்தோடுதான் அவர்கள் நடக்கிறார்கள். அதனால்தான் சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் திசு எடுத்துப் பார்க்கிறார்கள்.

பழைய அறிக்கைகளையும் அட்டவணைகளையும் படிக்கும்போது

நோய் பின்னாளில் திரும்பி வந்தால் ஸ்டேஜ் ஏறாது. முதலில் குறித்த நிலையே பதிவேட்டில் நிற்கும். 'நிலை 1, மீண்டும் தோன்றியது' என்றுதான் எழுதுவார்கள்.

உயிர்பிழைப்பு விகித அட்டவணைகளில் பெரும்பாலானவை 2009 அல்லது அதற்கு முந்தைய முறைப்படி சேர்த்த தரவுகள். 2023இன் 2சி-யை எடுத்துக்கொண்டு பழைய அட்டவணையின் இரண்டாம் நிலை வரிசையில் விடை தேடினால், கருப்பை வாய் வரை பரவிய வேறொரு கூட்டத்தின் கணக்கைத்தான் படித்துக்கொண்டிருப்போம்.

எழுத்துகளும் ஏமாற்றும். 1988இன் முறையில் 1ஏ என்றால் உட்படலம் மட்டும், 1பி என்றால் பாதிக்குக் குறைவான தசை, 1சி என்றால் பாதிக்கு மேல். 2009 வந்தபோது முதல் இரண்டும் 1ஏ-க்குள் போய், பழைய 1சி 1பி ஆயிற்று. 1சி என்ற பெயரே இல்லாமல் போனது. 2023இல் அந்தப் பெயர் மறுபடி வந்திருக்கிறது, ஆனால் வேறு பொருளில். ஒரு தாயின் 2005ஆம் ஆண்டு அறிக்கையில் உள்ள 1சி, தசையை ஆழமாகத் துளைத்த கட்டி. மகளின் இன்றைய அறிக்கையில் உள்ள 1சி, மூர்க்கமான வகையானாலும் தசையைத் தொடவே தொடாத கட்டி.